மல்லாந்து படுப்பவள்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
போர்ட் அகஸ்டாவிலிருந்து வண்டியோட்டி வருகிறேன்.
ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
இம்முறை வழியில் செத்த கங்காரு இரண்டு.

கூபர் பீடியில் மனிதர்கள் மண்ணுக்குள் குடியிருக்கிறார்கள்.
வெயிலுக்கு அஞ்சிக் குன்றைக் குடைந்து
படுக்கையறை, அடுப்படி, புத்தக அலமாரி.
நாய்கள் மேலே.

ஷிவோயினின் நாய்க்குப் பாட்ச் என்று பெயர்.
ஓபல் தோண்டுகிறவர்கள்
நிறம் ஆடாத வெறுங்கல்லை அப்படித்தான் அழைப்பார்கள்.
விலை போகாது, வீசிவிடுவார்கள்.
இவளை யாரோ லாரிக்கடியில் வீசிப் போயிருந்தார்கள்.

புல் டெரியர். மூக்கு முதல் வால் வரை வெள்ளை.
மேசையில் மல்லாத்திப் பிடித்தேன்,
அதற்கென்றே பிறந்தவள்போல் கிடந்தாள்.
வயிற்று மயிரை எண்ணிவிடலாம்.
வெந்த தோலாய்ச் சிவப்புத் திட்டுகள்,
விரலுக்குச் சொரசொரவென்று.
மிளகளவு கருஞ்சிவப்புக் கொப்புளம் ஒன்று,
தள்ளி இன்னொன்று,
தொடையிடுக்கில் புளியங்கொட்டை பருமனில் மூன்றாவது.
அதை நக்கி நக்கிப் புண்ணாக்கியிருந்தாள்.

வயது?
ஒன்பது. பத்தாகவும் இருக்கலாம்.
எங்கே படுப்பாள்?
மேலே, மண்குவியலில்.
எப்படி?
சிரித்தான். நாலு காலையும் வானத்துக்குக் கொடுத்துவிட்டு.
எந்த நேரத்தில்?
சிரிப்பு நின்றது.

பிறகு அவன் கேட்டான்.
டீசல் நக்கியிருப்பாளோ?
வெடிவைத்த புகையோ?
போன கோடையில் உண்ணிக்குத் தடவினேனே, அந்த மருந்தோ?
அதையெல்லாம் நான் முதலில் சந்தேகப்படமாட்டேன் என்றேன்.

வெளியே போய்ப் பார்த்தேன்.
சுரங்கம் கக்கிய வெண்மண்
கூம்பு கூம்பாய், கண் கூச.
அதன்மேல் நின்றால் வெயில்
தலையிலும் இறங்குகிறது,
தாடைக்குக் கீழிருந்தும் ஏறுகிறது.
ஒரு பக்கமாய், வட்டமாய் அவள் படுத்த பள்ளம்.

இருபத்தாறு வருஷம்
நான் தோண்டி மேலே கொட்டியது, என்றான்.
அதற்கு என்னிடம் படிவம் இல்லை.

வாய்ப்பைக் கூட்டுபவை என்றொரு தலைப்பு
பாடப்புத்தகத்தில் உண்டு.
வெள்ளை ரோமம். குட்டை ரோமம். இனம்.
ஏறிய வயது. நெடுநாள் வெயில்.
பாதியைத் தாய்வயிற்றிலிருந்தே கொண்டுவந்தாள் என்றேன்.
மீதிப் பாதியைப் பற்றி அவன் கேட்கவில்லை.
அடுத்த குடைவீட்டு இர்மாவின் விப்பெட்டும்
அதே நிறம், அதே குவியல்;
பதினாலு வயதுவரை உருண்டுவிட்டு
ஒரு கொப்புளமும் இல்லாமல்
பல் விழுந்து செத்தது.
அதை நான் சொல்லாமல் விட்டேன்.
அவனே சொன்னான்.

மூன்றையும் வெட்டி ஃபார்மலின் புட்டியில் போட்டு
அடிலெய்டுக்கு அனுப்பினேன்.
இரண்டு கெட்டவை; ஓரம் சுத்தம்.
இன்னும் முளைக்கும், மாதாமாதம் விரலால் தடவிப் பார்,
பத்து முதல் நாலு வரை கீழே வைத்திரு என்றேன், தொலைபேசியில்.
கீழே இருக்கமாட்டாள், கதவைப் பிறாண்டுவாள் என்றான்.
சட்டை போடு.
தின்றுவிட்டாள்.

அடுத்த வருகை நண்பகலில் வாய்த்தது.
குவியலின் உச்சியில் மீன்பிடிக் குடை ஒன்று,
அதன் நிழலுக்கு வெளியே, சரியாய் ஒரு முழம் தள்ளி,
பாட்ச், நாலு காலும் வானத்துக்கு.
தையல் தழும்பு வெள்ளிக்கம்பியாய் மினுங்கியது.
தொப்பியில்லாத ஷிவோயின்
குடைக்கம்பைப் பிடுங்கி அவள் பக்கம் நட்டான்.
அவள் எழுந்து, சோம்பல் முறித்து,
வெயிலுக்கு நகர்ந்தாள்.
அவன் மறுபடி பிடுங்கினான்.

காலையிலிருந்து இதேதான் என்றான்.
முப்பது வருஷமாய் மண்ணுக்குள் வெளுத்த கழுத்து
செங்கல்லாய்ச் சிவந்திருந்தது.
இடது காதின் விளிம்பில் ஒரு பொருக்கு.

எத்தனை நாளாய் இது, என்று கேட்டேன்.
அவளுக்கா, என்று குனிந்து
அவள் காதைப் புரட்டிப் பார்த்தான்.